மலிவான அறையும் விலையான வழியும்
பாங்கொக் நகருக்குக் குடும்பத்துடன் செல்வோர் தங்குமிடம் தெரிவு செய்வது எப்படி?

வீட்டைத் தேடுமுன் அயலவரைத் தேடு, பாதையில் இறங்குமுன் துணையைத் தேடு என்பது அரபிகளிடம் வழங்கும் பழமொழி. ஓதுகின்ற காலத்தில் இதனை மனனம் செய்தோம். பிற்பாடு மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தோம். ஆனால் அதன் பொருளை எனக்கு உண்மையில் விளங்க வைத்தது மத்ரஸா அல்ல. பாங்கொக் நகரத்தின் ஓர் ஒழுங்கைதான்.

எம்மவர்கள் இன்று பல தேவைகளுக்காக பாங்கொக் செல்கின்றனர். கல்யாண உடுப்பு வாங்கச் செல்வோர், புடைவைக் கடைக்குச் சாமான் எடுக்கச் செல்வோர், வைத்தியத்துக்குச் செல்வோர், பிள்ளைகளின் விடுமுறைக்குச் செல்வோர் எனப் பல திறத்தினர். பேருவளை மாணிக்க வியாபாரிகளுக்கோ அது நெடுங்காலமாகவே பழகிய ஊர். இவர்கள் எல்லோரும் பயணத்துக்கு முன் கேட்கும் முதற் கேள்வி, "அறை என்ன விலை?" என்பதுதான். "அறை எந்த இடத்தில்?" என்ற கேள்வி இரண்டாவதாகவே வருகிறது. சில வேளை வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் செய்த தவறு

2017 ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நானும் மனைவியும் இரு பிள்ளைகளும் என் உம்மாவும் மச்சானுமாக ஆறு பேர் புறப்பட்டோம். தங்கையின் திருமணத்துக்கு உடுப்பு வாங்குவது ஒரு காரணம். உம்மாவுக்கு ஒரு வெளிநாட்டையாவது காட்ட வேண்டும் என்ற ஆசை மற்றொரு காரணம். அவர் அப்போது எழுபதை நெருங்கியிருந்தார். முழங்கால் வருத்தம் வேறு.

ஐந்து இரவுகளுக்கு இரண்டு அறைகள். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. அறைக்கு 700 பாட், காலை உணவும் சேர்த்து என்றார்கள். புகைப்படத்தில் அறை பளிச்சென்று இருந்தது. விலாசத்தில் "சுக்கும்வித்" என்ற பிரபலமான பெயரும் இருந்தது. ஆகாய ரயில் நிலையத்துக்கு அண்மை என்றும் எழுதியிருந்தார்கள். நல்ல மலிவு என்று மகிழ்ந்து பணத்தைக் கட்டினேன்.

போய்ப் பார்த்த பின்னரே விடயம் தெரிந்தது. சுக்கும்வித் என்பது நகரின் நடுவிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டு செல்லும் மிகப் பெரிய வீதி. அதன் தூரத்துப் பகுதியில் இறங்கி, அங்கிருந்து ஓர் ஒழுங்கையினுள் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் செல்ல வேண்டும். அந்த ஒழுங்கைக்குள் பஸ் இல்லை. செம்மஞ்சள் நிற மேலங்கி அணிந்த மோட்டார் சைக்கிள்காரர்கள்தாம் ஆட்களை ஏற்றிச் செல்கிறார்கள். உம்மாவை அதில் எப்படி ஏற்றுவது? ஆகவே ஒவ்வொரு முறையும் டெக்ஸி. ஆறு பேருக்கு ஒரு டெக்ஸி போதாது, இரண்டு தேவை. மாலையில் நெரிசல் நேரத்தில் அந்த ஒழுங்கைக்குள் வர டெக்ஸிக்காரர்கள் கையசைத்து மறுத்தார்கள்.

காலை உணவு மேசையில் எமக்கு ஆகுமான உணவு என்று தேறியது பழமும் தேநீரும் மட்டுமே. மூன்றாம் நாள் பெய்த மழையில் ஒழுங்கை முழங்கால் அளவு நீரில் மூழ்கியது. அன்றிரவு உம்மா கால்களுக்கு எண்ணெய் தடவிக் கொண்டே சொன்னார்: "நான் அறையிலேயே இரிக்கியேன் மகன். நீங்க பெய்த்து வாங்க. எனக்கென்ன, இங்க குளிர் மெசின் இருக்குதானே."

கடைசி இரண்டு நாள்களும் அவர் அறையிலேயே இருந்தார். ஊர் காட்டவென்று அழைத்துச் சென்ற உம்மாவை, நான்கு சுவர்களைக் காட்டிவிட்டுத் திருப்பி அழைத்து வந்தேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஊர் திரும்பியதும் மச்சான் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் பார்த்தார். வியாபாரியல்லவா! நாம் தங்கிய இடத்தில் இரண்டு அறைகளுக்கு ஒரு நாளைக்கு 1400 பாட். நகர மத்தியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அதே தரத்தில் அறை ஒன்று 1100 பாட்டுக்குக் கிடைத்திருந்தது. இரண்டு அறைகளுக்கு 2200. ஒரு நாளைக்கு 800 பாட் மிச்சம். ஐந்து இரவுகளுக்கு 4000 பாட் மிச்சம் என்றுதான் நாம் நினைத்தோம்.

இனிச் செலவைப் பாருங்கள். இரண்டு டெக்ஸிகள், ஒரு வழிக்குத் தலா 150 பாட் அளவில். போய்வர 600. ஐந்து நாள்களுக்கு 3000. இரண்டு நாள்கள் உம்மாவின் இயலாமையால் நண்பகலில் அறைக்குத் திரும்பி மீண்டும் சென்றதற்கு மேலும் 1200. மொத்தம் 4200 பாட். மிச்சம் பிடித்த 4000 போய், மேலதிகமாக 200 நட்டம். வீதியில் வீணான மணித்தியாலங்களுக்கும், உண்ணாமல் விட்ட காலை உணவுக்கும், உம்மாவின் இரு நாள்களுக்கும் யார் விலை போடுவது?

வீண் விரயம் கூடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் விரயம் என்பது கூடுதலாகக் கொடுப்பது மட்டுமல்ல. குறைவாகக் கொடுத்து, வாங்கிய பொருளால் பயன் பெறாமல் போவதும் விரயம்தான்.

நகரின் அமைப்பை முதலில் விளங்கிக் கொள்ளுங்கள்

பாங்கொக் சமதரையில் பரந்து கிடக்கும் நகரம். அதன் வாகன நெரிசல் உலகப் பிரசித்தம். நெரிசலுக்கு மேலாலும் கீழாலும் பக்கத்தாலும் செல்லும் வழிகள் மூன்று உள்ளன. தங்குமிடம் இவற்றில் ஒன்றுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதே முதல் விதி.

முதலாவது, வீதிகளுக்கு மேலே தூண்களில் ஓடும் ஆகாய ரயில். இது 1999 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்டது. சுக்கும்வித் வழி, சீலோம் வழி என்ற இதன் இரு பாதைகளும் சியாம் நிலையத்தில் சந்திக்கின்றன. இரண்டாவது, 2004 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய நிலக்கீழ் ரயில். மூன்றாவது, நீர்வழி. சாவோ பிரயா ஆற்றில் செல்லும் படகுகளும், சேன் சேப் கால்வாயில் கிழக்கு மேற்காகச் செல்லும் படகுகளும் மக்களின் அன்றாட வாகனங்கள். கால்வாய்ப் படகு மலிவானது, விரைவானது. ஆயின் அது துறையில் நிற்பது சில கணங்களே. வயோதிபர்களும் கைக்குழந்தை வைத்திருப்போரும் அதில் தாவி ஏறுவது கடினம்.

சுவர்ணபூமி விமான நிலையம் 2006 இல் திறக்கப்பட்டது. நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கிழக்கே உள்ளது. அங்கிருந்து 2010 முதல் நகருக்கு ஒரு ரயில் ஓடுகிறது. அதன் இறுதி நிலையமான பயா தாய் சேர அரை மணித்தியாலமளவு செல்லும். கட்டணம் 45 பாட். பயா தாயில் ஆகாய ரயிலுக்கு மாறிக் கொள்ளலாம். குறைந்த கட்டண விமானங்கள் பல, வடக்கே உள்ள டொன் முவாங் நிலையத்தில் இறங்குகின்றன. எனவே டிக்கட்டில் எந்த நிலையம் என்பதையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

அடுத்து அறிய வேண்டிய சொல் "சோயி". பெரிய வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைக்கு அங்கே அதுதான் பெயர். சோயிகளுக்கு இலக்கமுண்டு. வீதியின் ஒரு புறம் ஒற்றை எண்கள், மறுபுறம் இரட்டை எண்கள். ஆனால் இலக்கங்கள் நேருக்கு நேர் பொருந்துவதில்லை. சுக்கும்வித் வீதியில் 55 ஆம் சோயிக்கு எதிர்ப்பக்கம் இருப்பது 38 ஆம் சோயி! இலக்கம் சிறிதாக இருந்தால் நகர மத்திக்கு அண்மை, பெரிதாக இருந்தால் தூரம் என்று கொள்ளலாம். பல சோயிகள் மறுபுறம் திறக்காதவை. அதனால் ஒழுங்கையின் வாயிலிலிருந்து விடுதி எத்தனை மீற்றர் உள்ளே இருக்கிறது என்பதே முக்கியம். என்னை ஏமாற்றியது இதுதான்.

எமக்குப் பொருத்தமான பகுதிகள்

பள்ளிவாசல், ஹலால் உணவு, போக்குவரத்து, குடும்பத்துக்கேற்ற சூழல் ஆகிய நான்கையும் வைத்து நகரைப் பார்த்தால் சில பகுதிகள் தெளிவாகத் தெரிகின்றன.

ராச்சதேவி, பெட்சபூரி வீதிப் பகுதி: பெட்சபூரி 7 ஆம் சோயியில் தாருல் அமான் பள்ளிவாசல் உள்ளது. ராச்சதேவி ஆகாய ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். பள்ளிவாசலைச் சுற்றி ஒழுங்கை நெடுகிலும் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைகள். பயா தாய்க்கு ஒரு நிலையம், சியாமுக்கு மறுபுறம் ஒரு நிலையம். உடுப்பு மொத்த வியாபாரம் நடக்கும் பிராத்துநாம் சந்தைக்கும் நடக்கலாம். கால்வாய் ஓரத்தில் பான் குரூவா என்ற பழைய முஸ்லிம் குடியிருப்பு இருக்கிறது. சியாம் மன்னர் முதலாம் ராமாவின் படையில் போரிட்ட சாம் இன முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட நிலம் அது. அவர்கள் பட்டு நெசவில் பேர்போனவர்கள். தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டு சென்ற அமெரிக்கர் ஜிம் தொம்ஸன் அவர்களிடமே பட்டு நெய்வித்தார். அவருடைய வீடு கால்வாயின் மறுகரையில் இன்று நூதனசாலையாக உள்ளது. குடும்பத்துடன் முதன்முறை செல்வோருக்கு நான் முதலில் சொல்வது இப்பகுதியைத்தான்.

பிராத்துநாம்: உடுப்பு வாங்குவதே முழு நோக்கமென்றால் இங்கு தங்குவது இலாபம். மூட்டைகளை அறையில் வைத்துவிட்டு மீண்டும் சந்தைக்குள் போகலாம். விமான நிலைய ரயிலின் ராச்சபிராரொப் நிலையம் அருகில் உண்டு. ஆனால் ஆகாய ரயில் சற்றுத் தூரம். மாலை நேரத்தில் பிராத்துநாம் சந்தியில் டெக்ஸி ஏறினால், ஏறிய இடத்திலேயே மீற்றர் ஓடிக்கொண்டிருக்கும்.

நானா: சுக்கும்வித் 3/1 சோயியை "அரபிகள் ஒழுங்கை" என்றே எல்லோரும் அழைக்கின்றனர். அரபு எழுத்தில் பெயர்ப்பலகைகள், அரபு உணவுக் கடைகள், அத்தர்க் கடைகள். மத்திய கிழக்கிலிருந்து பலர் வைத்தியத்துக்கு வரும் பும்ருங்ராத் மருத்துவமனை பக்கத்தில், 3 ஆம் சோயியில் உள்ளது. அங்கு சிகிச்சை பெறுவோருக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வீதியின் மறுபுறத்து 4 ஆம் சோயி, இரவுக் களியாட்டங்களுக்குப் பேர்போனது. இரவானால் அதன் சாயல் இந்தப் பக்கத்திலும் தெரியும். வயது வந்த பிள்ளைகளுடன் செல்வோர் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

சீலோம், பங்ராக்: மாணிக்க வியாபாரிகளின் பகுதி. மஹேசக் வீதியிலும் சுற்றுப்புறத்திலும் கல் வியாபாரம் நடக்கிறது. எமது மண்ணில் பெறுமதியற்றதென ஒதுக்கப்பட்ட கெவுடா கற்களைச் சூடாக்கி நீல மாணிக்கமாக மாற்றும் தொழிலால் தாய்லாந்தார் ஒரு காலத்தில் பெரும் பொருள் ஈட்டினர் என்பது கற்காரர்கள் அறிந்த கதை. ஆற்றுப் பக்கமாகச் சரோன் குருங் வீதியின் 36 ஆம் சோயியில் பழைமை வாய்ந்த ஹாரூன் பள்ளிவாசல் இருக்கிறது. சபான் தக்சின் நிலையத்தில் ஆகாய ரயிலும் ஆற்றுப் படகும் சந்திக்கின்றன. இங்கும் சலா டேங் நிலையத்தை அண்டிய பத்பொங் பகுதியைக் குடும்பத்தினர் தவிர்ப்பது நன்று.

காவோ சான்: மலிவான அறைகளுக்கு உலகெங்கும் பெயர் பெற்ற வீதி. பக்கத்தில் சக்ரபொங் பள்ளிவாசலும் உண்டு, அரண்மனையும் அண்மை. எனினும் இரவில் கூச்சலும் மதுவும் மிகுதி. ரயில் நிலையமும் காலடியில் இல்லை. தனியே செல்லும் வாலிபர்களுக்குச் சரி. உம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோருக்குச் சரியல்ல.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. நிலையத்திலிருந்து விடுதி வாசல் வரை எத்தனை மீற்றர்? "அண்மையில்" என்ற சொல்லை நம்ப வேண்டாம். வரைபடத்தில் நேர்கோட்டில் அளப்பதும் பிழை. நடக்கும் பாதையை அளக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் பிள்ளைகளுடன் 500 மீற்றரே எல்லை.

2. சொன்ன விலை முழு விலையா? விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணம் 10 வீதமும் வரி 7 வீதமும் வேறாக உண்டென்பது பொருள். அப்படியானால் 1000 பாட் அறை 1177 பாட் ஆகிவிடும்.

3. காலை உணவு இல்லாமல் என்ன விலை? நாம் உண்ண முடியாத உணவுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? அதே பணத்துக்கு ஹலால் கடையில் குடும்பமே உண்ணலாம். கடைகளிலும் பொதிகளிலும் தாய்லாந்து மத்திய இஸ்லாமியக் குழுவின் ஹலால் முத்திரை இருக்கிறதா எனப் பாருங்கள். சாய்சதுர வடிவத்தினுள் அரபியில் ஹலால் என எழுதப்பட்டிருக்கும்.

4. விடுதியில் மின்தூக்கி உண்டா? மலிவான பழைய கட்டடங்கள் சிலவற்றில் படி மட்டுமே. ரயில் நிலையங்களிலும் எல்லா வாயில்களிலும் மின்தூக்கி இருப்பதில்லை. எந்த வாயிலில் உண்டென்று முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

5. எந்த மாதத்தில் போகிறோம்? நவம்பர் முதல் பெப்ரவரி வரை காலநிலை இதமானது. அறை விலையும் உயரும். மே முதல் ஒக்டோபர் வரை மழை, அறை மலிவு. மழைக்காலத்தில் நீண்ட ஒழுங்கைக்குள் தங்குவதை அறவே தவிருங்கள்.

6. பெயர்ந்து போகும் வழி எது? காலை விமானத்தில் திரும்புவோர் அன்றிரவு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் எண்ண வேண்டும். ரயில்கள் நள்ளிரவு அளவில் ஓய்ந்து, காலை 6 மணி அளவிலேயே மீண்டும் தொடங்கும்.

தொழுகையைப் பொறுத்தவரை கஷ்டமில்லை. விமான நிலையத்தில் தொழுகை அறைகள் இருக்கின்றன. கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காகச் சாய்ந்தது. பெரும்பாலான விடுதிகளின் கழிவறைகளில் நீர்க்குழாய் வசதி இருப்பது எமக்குப் பெரிய ஆறுதல். டெக்ஸி ஏறும் போது மீற்றர் போடச் சொல்லுங்கள். அது 35 பாட்டில் தொடங்கும். மீற்றர் போட மறுப்பவரை விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.

இரண்டாம் பயணம்

2018 டிசம்பரில் மீண்டும் போக நேர்ந்தது. மச்சானுக்குக் கல் விடயமாக ஒரு வேலை. நான் உம்மாவிடம், "ஒரு தடவை வாங்க உம்மா" என்றேன். "அறைக்குள்ள இரிக்கவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது.

இம்முறை பெட்சபூரி 7 ஆம் சோயிக்குப் பக்கத்தில் சிறிய விடுதி ஒன்றைப் பிடித்தோம். அறை சிறியது. புகைப்படத்தில் அழகாக இருக்கவில்லை. அறைக்கு 1200 பாட் கொடுத்தோம். ஆனால் வாசலில் இறங்கி சில நிமிடம் நடந்தால் பள்ளிவாசல் ஒழுங்கை. இரண்டாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் உம்மாவைக் காணவில்லை. பதறியடித்துக் கொண்டு கீழே ஓடினேன். பள்ளிவாசல் ஒழுங்கையில், முக்காடிட்ட ஒரு மூதாட்டியின் கடையில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் அமர்ந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. உம்மாவுக்குத் தாய் மொழி தெரியாது. ஸலாம் ஒன்றுதான் பொதுச் சொல். இருவரும் தத்தம் முழங்காலைத் தொட்டுக் காட்டி ஏதோ கதைத்துக் கொண்டிருந்தார்கள்!

மீதி நாள்களிலும் காலையில் அவர் தனியாகவே அங்கு சென்றார். பகலில் சிறிது தூரம் எம்முடன் வருவார். களைத்தால் ஒரு ரயில் நிலையம் திரும்பி வந்து படுத்துக் கொள்வார். அஸருக்குப் பின் மறுபடியும் புறப்படுவார். அறை பக்கத்தில் இருப்பதன் நன்மை இதுதான். வயோதிபர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஊர் சுற்றுவதைப் போலவே இடையிடையே ஓய்வெடுப்பதும் பயணத்தின் ஒரு பகுதி.

உம்மா 2021 இல் காலமானார். பாங்கொக்கைப் பற்றி யார் கேட்டாலும் வானளாவிய கட்டடங்களைப் பற்றி அவர் சொன்னதே கிடையாது. "அங்க ஒரு மனிசி இருந்தா, எனக்குத் தேத்தண்ணிக்குக் காசே எடுக்கல்ல" என்றுதான் சொல்வார். ஓர் ஒழுங்கைக்குள் முடங்கிய முதற் பயணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனை நான்தான் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

எனவே அன்பான சகோதர சகோதரிகளே, அறையின் விலையைப் பார்க்குமுன் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். உங்களுடன் வருபவர்களில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய காலைக் கொண்டு தூரத்தை அளந்து பாருங்கள். அந்தக் கணக்கு பிழைப்பதில்லை.